காசு கொடுத்தவருக்கா, உருவாக்கியவருக்கா? அறிவுசார் சொத்து யாருக்கு, எப்படிச் சொந்தமாகிறது

மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கும் ஒருவர் டிசைனரிடம் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து லோகோ வாங்குகிறார். பில் இருக்கிறது, பணம் அனுப்பிய ரசீதும் இருக்கிறது. அந்த லோகோவின் பதிப்புரிமை யாருடையது? காசு கொடுத்தவருடையது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். இந்தியச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அது டிசைனருடையது. அதே வியாபாரி கடைத் திறப்பு விழாவுக்குப் போட்டோகிராபரை அழைத்துக் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், அந்தப் படங்களின் பதிப்புரிமை வியாபாரிக்கு வந்துவிடுகிறது. அவரே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பொறியாளர் மசாலா அரைக்கப் புதுவகை இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தால், அந்தக் கண்டுபிடிப்பு பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை முதலாளிக்குப் போவதில்லை.

மூன்று இடத்திலும் பணம் ஒரே பையிலிருந்துதான் போனது. உரிமை மட்டும் மூன்று விதமாகப் போகிறது. எழுத்து, ஓவியம், கண்டுபிடிப்பு, வியாபாரப் பெயர் என மூளை உழைப்பால் வரும் உரிமைகளான அறிவுசார் சொத்தில் புதிதாக நுழைபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உருவாக்கியவர் ஒருவராகவும் உரிமையாளர் இன்னொருவராகவும் இருக்கலாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு உரிமை எப்படி நகர்கிறது என்பதை ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகச் சொல்கிறது. இந்தக் கட்டுரை இந்தியச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. மற்ற நாடுகளில் எங்கே மாறுகிறது என்பதையும் இடையில் தொட்டுக்காட்டுகிறோம்.

முதலில் ஓர் அடிப்படை. எழுதுவது, வரைவது, கண்டுபிடிப்பது எல்லாம் மனிதர் செய்கிற வேலை. உரிமையை வைத்துக்கொள்வதற்கு மனிதராக இருக்க வேண்டியதில்லை. கம்பெனி, கூட்டு நிறுவனம், அறக்கட்டளை, பல்கலைக்கழகம், கோயில் தேவஸ்தானம், அரசு என யாரும் உரிமையாளராகலாம். பத்து வயதுக் குழந்தை வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை அந்தக் குழந்தைக்கே. ஒப்பந்தம் போட வேண்டி வந்தால் மட்டும் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

பதிப்புரிமை: பேனாவை வைக்கும்போதே பிறந்துவிடும்

கதை, கவிதை, பாட்டு, ஓவியம், புகைப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி மென்பொருள் ஆகியவற்றுக்கான உரிமை இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதை ஆள்கிறது. இதைப் பெற எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். படைப்பு எழுத்திலோ படத்திலோ பதிவிலோ உருப்பெற்ற கணமே உரிமை பிறக்கிறது. பிரசுரமாகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் மனதில் இருக்கும் கருவுக்கு உரிமை கிடையாது. ஒரே கதைக்கருவை இருவர் தனித்தனியாக எழுதலாம், எழுதிய விதத்தைத்தான் சட்டம் காக்கிறது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சமையல் குறிப்பில் வரும் பொருள்களின் பட்டியலுக்கு உரிமை இல்லை, அதை நீங்கள் விளக்கி எழுதிய பத்திகளுக்கு உண்டு.

முதல் உரிமையாளர் யார் என்பதைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பொது விதி ஒன்றுதான்: ஆக்கியவரே முதல் உரிமையாளர். இலக்கியத்துக்கு எழுதியவர், இசைக்கு இசையமைத்தவர், புகைப்படத்துக்கு எடுத்தவர், திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தயாரிப்பாளர். இயக்குநர் பெயர் இந்த வரிசையில் இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இனி விதிவிலக்குகள். இவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும், தகராறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சம்பள வேலையில், அந்த வேலையின் பகுதியாக எழுதியதும் வரைந்ததும் முதலாளிக்குச் சொந்தம். இதற்குத் தனியாக எழுதி வாங்க வேண்டியதில்லை. ‘வேலையின் பகுதியாக’ என்ற சொற்கள் முக்கியம். மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுபவர் இரவில் வீட்டில் எழுதும் நாவல் அவருடையதுதான். சம்பளத்துக்கு இல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்து தருபவர் ஊழியர் ஆகமாட்டார். அவர் எழுதிய மென்பொருள், கட்டிக்கொடுத்த இணையதளம், வரைந்த லோகோ எல்லாவற்றின் பதிப்புரிமையும் அவரிடமே தங்கும். காசு கொடுத்தவருக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி இருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மாற்றியமைக்கவோ, வேறொருவருக்கு விற்கவோ, நகல் செய்பவர்மீது பதிப்புரிமையின் பேரில் வழக்குப் போடவோ அந்த அனுமதி போதாது.

புகைப்படம், கையால் வரைந்த ஓவியம், உருவப்படம், செதுக்குப்படம், திரைப்படம் ஆகியவை இதற்கு மாறானவை. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து இவற்றைச் செய்வித்தால் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஆகவே கல்யாண ஆல்பத்தின் படங்கள் கல்யாண வீட்டுக்குச் சொந்தம். ஸ்டூடியோ அதை விளம்பரப் பலகையில் போட வேண்டுமானால் வீட்டாரின் சம்மதம் வேண்டும். ‘இதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனையும் சட்டத்திலேயே உண்டு. ஸ்டூடியோ தரும் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘உரிமை எங்களுக்கே’ என்று அச்சிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தால் நிலைமை மாறிவிடும். சிங்கப்பூரில் இந்த விதி அப்படியே தலைகீழ். அங்கே 2021 நவம்பர் 21 முதல், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களுக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை எடுக்கும் போட்டோகிராபர் ஒரே ஒப்பந்தப் படிவத்தை இரண்டு ஊருக்கும் பயன்படுத்தினால் சிக்கல்தான்.

பத்திரிகைகளுக்குத் தனி விதி. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவர் அதில் வெளியிடுவதற்காக எழுதிய கட்டுரையைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே பத்திரிகை நடத்துபவருக்கு. அதைப் புத்தகமாக்கும் உரிமை, படமாக்கும் உரிமை எல்லாம் எழுதியவரிடம் இருக்கும். வெளியிலிருந்து கதை அனுப்புபவரிடம், அவர் எழுதிக் கொடுத்தாலொழிய, எல்லா உரிமையும் அப்படியே இருக்கும்.

திரைப் பாடல்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு போட்ட இசைக்கும் எழுதிய பாட்டுக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பல ஆண்டுகள் இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் ஒருமுறை வாங்கிய சம்பளத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அநீதியைப் பெருமளவு சரிசெய்தது. படத்தில் சேர்ந்ததாலேயே பாட்டிலும் இசையிலும் படைத்தவரின் உரிமை போய்விடாது என்றது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும், திரையரங்கில் படத்தோடு காட்டுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு ராயல்டியில், அதாவது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் கிடைக்கும் தொகையில், சம பங்கு பெறும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது என்றும் சேர்த்தது. அதை விட்டுத்தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. வாரிசுகளுக்கும், அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும் அதை மாற்றலாம்.

அரசு வேலையாக உருவானவற்றுக்கு அரசே முதல் உரிமையாளர். அரசு விலை கொடுத்தும் உரிமை வாங்கலாம். பாரதியார் 1921-இல் மறைந்தபின் கைமாறிக் கிடந்த அவர் எழுத்துகளின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியது. பிறகு எவரும் அச்சிடலாம் என்று மக்களுக்கே விட்டுவிட்டது. இன்று தமிழக அரசு ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது நடப்பதும் அதே வழிதான். வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது, நூல்கள் பொதுவுக்கு வருகின்றன.

இந்த உரிமை எவ்வளவு காலம்? எழுதியவர் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். 1970-இல் எந்த மாதத்தில் இறந்திருந்தாலும் 2030 டிசம்பர் 31 வரை. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். இலங்கையில் எழுத்தாளர் இறந்தபின் 70 ஆண்டுகள். ஆகவே ஒரே நூல் சென்னையில் பொதுவுக்கு வந்தபின்னும் கொழும்பில் உரிமைக்குள் இருக்கலாம்.

எழுதி வாங்குவது எப்படி

பதிப்புரிமையை வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது. எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை அல்லது ராயல்டி என்பதெல்லாம் அதில் வர வேண்டும். விட்டுவிட்டால் சட்டமே இட்டு நிரப்பும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ‘எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்’ என்று ஒரே வரியில் எழுதி வாங்கிய பதிப்பாளருக்கு ஆறாவது ஆண்டில் கையில் ஒன்றும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது கொடுத்தவருக்கே திரும்பிவிடும். கையெழுத்துப் பிரதியை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் பதிப்பகங்களிடமிருந்து எழுத்தாளரைக் காப்பாற்றும் விதி இது. எழுத்தாளர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லோகோ எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், டிசைனரிடம் வாங்க வேண்டிய எழுத்து இப்படி இருக்கலாம்: ‘இணைப்பில் உள்ள லோகோவின் பதிப்புரிமை முழுவதையும், நகலெடுத்தல், மாற்றியமைத்தல், எந்த ஊடகத்திலும் பயன்படுத்துதல் உட்பட, அதன் சட்டபூர்வ ஆயுட்காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும், ரூபாய் பத்தாயிரம் பெற்றுக்கொண்டு, இன்னாருக்கு உரிமை மாற்றிக் கொடுக்கிறேன். ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை திரும்பாது.’ லோகோவின் படத்தை இணைப்பாக வைத்து அந்தப் பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். படம் இல்லாத ஒப்பந்தத்தில் ‘எந்த லோகோ’ என்ற கேள்வி பிறகு வரும். எழுத்தில் இந்த ஒரு பக்கம் இல்லாததால் நாளை வியாபாரம் பெரிதானபின் டிசைனர் கேட்கும் தொகைக்குத் தலையாட்ட வேண்டிவரும்.

இப்படி எழுதிக் கொடுத்தாலும் படைப்பாளியிடமிருந்து போகாதவை இரண்டு. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை இன்னொன்று. 57-ஆம் பிரிவு இவற்றைக் காக்கிறது.

பதிப்புரிமையைப் பதிவு செய்யலாம், கட்டாயமில்லை. பதிவேட்டில் உள்ளது நீதிமன்றத்தில் முதற்கட்டச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதே பயன். இணையத்தில் 14-ஆம் எண் படிவம், கூடவே படைப்பின் நகல், மற்றவர்களுக்குப் பங்கிருந்தால் அவர்களின் தடையின்மைக் கடிதம். இலக்கியப் படைப்புக்கும் மென்பொருளுக்கும் 500 ரூபாய், பொருள்களின்மீது பயன்படுத்தப்படும் கலைப்படைப்புக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. விண்ணப்பித்தபின் 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருப்பார்கள், பிறகுதான் பரிசீலனை. லோகோ போன்றவற்றுக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) பதிவாளரிடம் தேடல் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும், பலருடைய விண்ணப்பம் நிற்பது அதற்காகத்தான்.

காப்புரிமை: கொடுத்தால்தான் உண்டு

பேட்டன்ட் எனப்படும் காப்புரிமை தானாகப் பிறப்பதில்லை. அரசு ஆராய்ந்து கொடுக்க வேண்டும். 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பிக்கக் கூடியவர்கள் மூவர்: உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர், அவரிடமிருந்து எழுதி வாங்கியவர், அவர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு. கம்பெனி கண்டுபிடிப்பாளராக முடியாது, எழுதி வாங்கியவராக மட்டுமே விண்ணப்பிக்கலாம். பணம் போட்ட பங்குதாரரும் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்தை 2023 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

பதிப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் படைப்பு தானாக முதலாளிக்குப் போகும் என்று பார்த்தோம். காப்புரிமைச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே இல்லை. வேலை ஒப்பந்தத்தில் ‘பணிக்காலத்தில் கண்டுபிடிப்பவற்றை நிறுவனத்துக்கு எழுதித் தருவேன்’ என்ற வரி இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது 1-ஆம் படிவத்திலேயே கண்டுபிடிப்பாளர் கையெழுத்துப் போடலாம், அல்லது தனி உரிமை மாற்றுப் பத்திரம் இணைக்கலாம். விண்ணப்பத்தோடு கொடுக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்த ஊழியர் சண்டையிட்டு வேலையை விட்டுப் போயிருந்தால் கையெழுத்துக்கு அலைய வேண்டியதுதான்.

பொறியியல் கல்லூரிகளில் இது தினசரிச் சிக்கல். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். இறுதியாண்டு புராஜெக்டில் நான்கு மாணவர்கள் உருவாக்கிய கருவி, அவர்கள் எழுதிக் கொடுக்காதவரை அவர்களுடையது. சேர்க்கையின்போது கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அது தவறு, ஆபத்தும்கூட. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் உரிமைக் கோரிக்கைகளில் இருக்கும் கருத்துக்கு யார் மூளையைச் செலவிட்டார்களோ அவர்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் வர வேண்டும். ஆய்வகம் கொடுத்தவரும், சொன்னபடி வெல்டிங் செய்தவரும், மேற்பார்வை பார்த்தவரும் வரமாட்டார்கள். உண்மையில் கண்டுபிடித்த மாணவரை விட்டுவிட்டு விண்ணப்பித்தால், கண்டுபிடிப்பை அவரிடமிருந்து தவறாக எடுத்துக்கொண்டதாகச் சொல்லிக் காப்புரிமையையே எதிர்க்க முடியும்.

கூட்டாக வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லோருக்கும் சம பங்கு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் தானே தயாரித்து விற்கலாம். ஆனால் மற்றவர் சம்மதமின்றி உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. நால்வரில் ஒருவர் வெளிநாட்டில் தொடர்பில்லாமல் போனால் மொத்தமும் முடங்கும். விண்ணப்பிக்கும் முன்பே நால்வரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது.

எதற்குக் கிடைக்கும்? புதியதாக இருக்க வேண்டும், அந்தத் துறையில் தேர்ந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். இவை இருந்தாலும் 3-ஆம் பிரிவு சிலவற்றை ஒதுக்குகிறது: விவசாய முறைகள், மருத்துவச் சிகிச்சை முறைகள், வெறும் கணினி நிரல், செடிகொடிகள், மரபு வழி அறிவு. பாட்டி வைத்தியத்தை அப்படியே எழுதி விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும்.

புதுமை கெடுவது பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் கையாலேயே. விண்ணப்பிக்கும் முன் யூடியூபில் செயல்முறை விளக்கம் போட்டால், கல்லூரிக் கருத்தரங்க மலரில் வெளியிட்டால், வாடிக்கையாளருக்கு விற்றால், அது புதியது அல்லாமல் போய்விடலாம். அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்ததற்கும், கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும் 12 மாத சலுகை உண்டு. அது குறுகலான சலுகை, அதை நம்பி வெளியிடாதீர்கள்.

வரிசை இது. கண்டுபிடிப்பு முழுமையாகாவிட்டால் அதை விளக்கும் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகக் குறிப்பில் அரைப் பக்கம் எழுதிப் போட்டால் பயனில்லை. அதில் சொல்லாத அம்சத்துக்கு அந்தப் பழைய தேதி கிடைக்காது. 18 மாதத்தில் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். பரிசோதனையை நாமேதான் 18-ஆம் படிவத்தில் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இதற்கான கெடு 31 மாதம். முன்பு 48 மாதம் இருந்ததால் பழைய கணக்கில் இருப்பவர்கள் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. பரிசோதனை அறிக்கை வந்தபின் பதில் சொல்ல ஆறு மாதம்.

இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. அது 30 பக்கம், 10 உரிமைக் கோரிக்கை வரை. பரிசோதனைக்கு 4,000, மற்றவர்களுக்கு 20,000. விண்ணப்பதாரர்களில் பெண் ஒருவர் இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம், ஸ்டார்ட்அப்களுக்கும் அந்த வழி உண்டு. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கிடைத்தபின் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க நினைத்தால் இங்கே முன் அனுமதி வாங்க வேண்டும், அல்லது இங்கே போட்டுவிட்டு ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இதை மீறினால் இந்தியக் காப்புரிமை போய்விடும்.

வணிகக்குறி: முதலில் பயன்படுத்தியவர்

பெயர், லோகோ, முத்திரைச் சொல் போன்றவை வணிகக்குறிகள். பயன்படுத்துபவரோ, பயன்படுத்தப் போகிறவரோ யாரும் விண்ணப்பிக்கலாம். இங்கே படைப்பாளி என்ற கேள்வியே இல்லை. பெயரை யோசித்துச் சொன்ன மாமாவுக்கு அதில் உரிமை கிடையாது, சந்தையில் அதைப் பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தியவருக்கே. இதே லோகோவின் பதிப்புரிமை டிசைனரிடமும் வணிகக்குறி வியாபாரியிடமும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். அந்த இரட்டைநிலையைத் தீர்க்கத்தான் மேலே சொன்ன ஒப்பந்தம்.

பதிவு செய்தவரைவிட முன்பே தொடர்ந்து பயன்படுத்தி வருபவருக்கு 34-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே 1985 முதல் ஒரு பெயரில் கடை நடத்துபவரை, அதே பெயரை 2020-இல் பதிவு செய்தவர் மூடச் சொல்ல முடியாது. ஆனால் 1985-ஐ நிரூபிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், விளம்பர நறுக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், விற்பனை வரிக் கணக்கு எல்லாம் அங்கே பொன் மதிப்பு. விண்ணப்பத்தில் ‘எப்போதிலிருந்து பயன்பாடு’ என்ற கட்டத்தில் ஆதாரமில்லாத தேதியைப் போடாதீர்கள். ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னும் தொடங்காவிட்டால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்று போட்டால் போதும்.

பொருள்களுக்கு 1 முதல் 34, சேவைகளுக்கு 35 முதல் 45 என்று வகுப்புகள். மசாலாப் பொடியும் முறுக்கும் 30, ஊறுகாய் 29, துணிமணி 25, உணவகம் 43. பொடி விற்றுக்கொண்டே ஓட்டலும் நடத்தினால் இரண்டு வகுப்பிலும் எடுக்க வேண்டும். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் உத்யம் என்ற அரசுப் பதிவுச் சான்று உள்ள சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பரிசோதனை அறிக்கைக்கு 30 நாளில் பதில். வணிகக்குறி இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் எதிருரை போட வேண்டும். போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். முகவரின் மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு இப்படிப் பெயரை இழப்பவர்கள் ஏராளம். பதிவு 10 ஆண்டு, பிறகு பத்துப் பத்தாண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு கிடைத்தபின்தான் போட வேண்டும், அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

‘சுவையான முறுக்கு’ போன்ற வெறும் வருணனைக்குப் பதிவு கிடைப்பது கடினம். எல்லா முறுக்குக் கடைக்காரருக்கும் வேண்டிய சொல்லை ஒருவருக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதில் பிழை அதிகம். தனியுரிமைக் கடை என்றால் உரிமையாளர் பெயரில், கூட்டு நிறுவனம் என்றால் எல்லாப் பங்குதாரர் பெயரும் காட்டி. இன்னும் பதிவாகாத கம்பெனியின் பெயரில் போட முடியாது. ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, கம்பெனி வந்தபின் எழுத்தில் மாற்றிப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அந்த இரண்டாம் படியை மறந்துவிட்டு, நண்பர்கள் பிரியும்போது பெயர் ஒருவரோடு போய்விடுகிறது. குடும்பக் கடைகளில் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீடு, நிலம், நகை எல்லாம் வரும், கடையின் பெயர் வராது. பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே பெயரில் எதிரெதிரே கடை போட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவார்கள். பெயர் யாருக்கு, மற்றவர் எந்த ஊரில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அந்தப் பத்திரத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும்.

பொருளின் வெளித்தோற்றத்துக்கான வடிவமைப்பு உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். இதிலும் வெளியிடும் முன் விண்ணப்பிக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செய்த வடிவமைப்புக்குச் செய்வித்தவரே உரிமையாளர். பதிவு செய்யக்கூடிய வடிவமைப்பைப் பதியாமலே 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் பிரதியெடுத்துவிட்டால் அதில் பதிப்புரிமையும் அற்றுப்போகும். புதுமாதிரி நகை, பாத்திரம் செய்பவர்கள் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கும் உழவருக்கும்

ஓர் ஊரோடு சேர்ந்து பெயர் பெற்ற பொருளுக்குக் கிடைக்கும் புவிசார் குறியீடு எந்தத் தனிமனிதருக்கும் சொந்தமாகாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்கள் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போ விண்ணப்பிக்கலாம். இதற்கான பதிவகம் நாடு முழுமைக்கும் சென்னையில்தான் இருக்கிறது. காஞ்சிப் பட்டு, மதுரை மல்லி, 2019-இல் பழனி பஞ்சாமிர்தம், 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று தமிழகத்தில் நிறைய. கோவில்பட்டியில் மிட்டாய் செய்கிற எவருக்கும் உரிமை தானாக வந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ என்று தனியாகப் பதிய வேண்டும். பதிந்தவர்தான் போலி மிட்டாய்க்காரர்மீது இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியும். இந்த இரண்டாவது பதிவைச் செய்யாததால் குறியீடு கிடைத்தும் பல ஊர்களில் கைவினைஞர்களுக்கு எந்தப் பலனும் போய்ச் சேரவில்லை என்பது வருத்தமானது. இந்த உரிமையை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் கொடுக்கவோ முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனர் இறந்தால் வாரிசுக்கு மட்டும் போகும்.

பயிர் ரகங்களுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம். ரகத்தை உருவாக்கியவர், பல்கலைக்கழகம் என்பதோடு விவசாயியும், விவசாயிகள் குழுவும், ஒரு சமூகமும் விண்ணப்பிக்கலாம் என்று இது சொல்கிறது. தலைமுறையாகக் காத்து வந்த நெல் ரகத்தை உழவர் தன் பெயரில் பதியலாம். பயிருக்கு 15 ஆண்டு, மரத்துக்கும் கொடிக்கும் 18 ஆண்டு. பிறர் பதிந்த ரகத்தையும் விவசாயி விதையாக எடுத்துவைத்து, விதைத்து, மாற்றிக்கொண்டு, விற்கவும் செய்யலாம். பிராண்டு பெயர் போட்ட பாக்கெட்டாக மட்டும் விற்கக்கூடாது. 2019-இல் பெப்சிகோ தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள்மீது வழக்குப் போட்டபோது, விவசாயிக்கு இந்த உரிமையைத் தரும் 39-ஆம் பிரிவைத்தான் உழவர் தரப்பு காட்டியது. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

வாரிசுக்கு எப்படி

பதிப்புரிமையும் காப்புரிமையும் வணிகக்குறியும் வீடு, நிலம் போலவே உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ இறங்கும். உயிலில் ‘என் அசையும், அசையாச் சொத்துகள் அனைத்தும்’ என்று எழுதினால் சட்டப்படி இவையும் அடங்கும். ஆனால் எந்தெந்த நூல், எந்தப் பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம், எந்தப் பதிவு எண், அடுத்த புதுப்பிப்பு என்றைக்கு என்பது குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் அந்த உரிமை வீணாகும். அச்சாகாத கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்குக் கொடுத்தால், வேறு கருத்துத் தென்படாதவரை, அதன் பதிப்புரிமையும் அவருக்கே போகும். நோட்டுப் புத்தகத்தை மகளுக்கும் உரிமையை மகனுக்கும் கொடுக்க நினைப்பவர் அதை உயிலிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற உரிமைகள் கைமாறியதும் பதிவேட்டில் பெயர் மாற்றமும் செய்ய வேண்டும். காப்புரிமைக்கு 16-ஆம் படிவம், வணிகக்குறிக்கு டிஎம்-பி படிவம், இரண்டுக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றோ உயிலோ இணைப்பு. பழைய பெயரே பதிவேட்டில் இருந்தால் புதுப்பிப்பு நோட்டீஸ் இறந்தவர் முகவரிக்குத்தான் போகும்.